மனமும் சுயமரியாதையும்

(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் மனத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று இச்சங்கத்தார் கேட்டுக்கொண்டபோது நமக்குச் சற்று ஆச்சரியமாகவே இருந்தது. ஏனெனில், மனத்தைப் பற்றிய பேச்சு என்றாலே அது சாமியார்களுக்கும் மடாதிபதிகளுக்கும் காலட்சேபக்காரர்களுக்கும் சொந்தமான சரக்கு என்றுதான் இந்நாட்டில் எண்ணப்பட்டு வருகிறது. 'மனத்தை அடக்கு', 'ஆசையை ஒழி', 'எல்லாம் மாயை', 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லுவதற்கு ஆட்கள் ஏராளமாய் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுக் காணிக்கையும் வாங்கிக் கொள்ளுகிறார்கள். ஆனால் மனம் எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது, தவறினால் எப்படித் திருத்துவது என்று ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லுகிறவர்கள் மிகச் சிலரே. அந்த வேலையைப் பகுத்தறிவுக்காரர்கள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியது அவசியம் என்று கருதியே நாம் இங்கு வந்தோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் வைத்தியரல்ல, பெரிய படிப்பாளியுமல்ல. நாம் சொல்லுவதை நம்ப வேண்டுமென்று உங்களைக் கேட்கவுமில்லை. கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உங்கள் சொந்த அனுபவத்தோடு வைத்து ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டாவிட்டால் தாராளமாய்த் தள்ளிவிடுங்கள்.

இதைப் பேசுவானேன்?

'சாதி ஒழிய வேண்டும், மூடநம்பிக்கை ஒழிய வேண்டும் என்று பேசவேண்டிய மேடையில் மனக்கவலையைப் பற்றிப் பேசுவானேன்?' என்று சில தோழர்கள் நினைக்கலாம். அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்லுகிறோம். 2022-ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியா முழுவதிலும் தற்கொலை செய்துகொண்டு இறந்தவர்கள் 1,70,924 பேர் என்று சர்க்காரின் கணக்கே சொல்லுகிறது. அதில் நம் தமிழ்நாட்டார் 19,834 பேர். ஒரு சிறு பட்டணத்து ஜனத்தொகை அது. கடன், வியாதி, குடும்பச் சச்சரவு, பரீட்சை, காதல் என்று அதற்குக் காரணங்கள் பலப்பல. எல்லாவற்றையும் ஒரே காரணத்தில் அடக்கிவிட நாம் முயலவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் சேராமல், உயிரோடு இருந்துகொண்டே, 'நாம் எதற்கும் உதவாதவர்கள், நமக்கு இவ்வளவுதான்' என்று தலைகுனிந்து நாளைக் கழிப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களை யார் கணக்கெடுத்தார்கள்?

இந்த இயக்கம் 1925-ல் ஆரம்பித்தபோது அதற்கு வைத்த பெயர் என்ன? சுயமரியாதை. பிறர் நமக்குக் கொடுக்கும் மரியாதை என்று பெயர் வைக்கவில்லை. நமக்கு நாமே கொடுத்துக்கொள்ள வேண்டிய மரியாதை என்றே பெயர் வைத்தார்கள். எதிரே நிற்கிறவன் 'நீ தாழ்ந்தவன்' என்று சொன்னால், அவனோடு வாதாடலாம். சட்டம் போட்டு அவன் வாயை அடக்கலாம். அதே வார்த்தையை நம் மனமே நம்மைப் பார்த்து ராப்பகலாய்ச் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? வெளியிலிருக்கும் புரோகிதனை விரட்டிவிட்டு உள்ளே ஒரு புரோகிதனை உட்கார வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தால் நாம் எந்த வகையில் விடுதலை பெற்றவர்கள்? ஆகவே இது நம் மேடைக்கு அந்நியமான விஷயமல்ல. நம் மேடையின் மூல விஷயமே இதுதான்.

தாழ்வு எண்ணம் எங்கிருந்து வந்தது?

எந்தக் குழந்தையும் 'நான் மட்டம்' என்ற எண்ணத்தோடு பிறப்பதில்லை. அந்த எண்ணம் ஊட்டப்படுகிறது. இதற்கு இரண்டு ருசுக்கள் காட்டுகிறோம்.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பின அறிஞர் தம்பதிகள் 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு சோதனை செய்தார்கள். நிறத்தைத் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒரே மாதிரியான பொம்மைகளை, மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்புக் குழந்தைகள் முன் வைத்து, 'இவற்றில் எது நல்ல பொம்மை? எது கெட்ட பொம்மை?' என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையை நல்லது என்றன. கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்றன. பிறகு 'உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது?' என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதன. தன் நிறத்தைக் கண்டு தானே வெறுக்கும்படி மூன்று வயதுக் குழந்தைக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்? புத்தகமா? இல்லை. தெருவும் பள்ளிக்கூடமும் கடையும் கற்றுக் கொடுத்தன. வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்பளித்தபோது, இந்தத் தம்பதிகளின் ஆராய்ச்சியும் அங்கே எடுத்துக் காட்டப்பட்டது.

'அது வேறு தேசத்துக் கதை' என்று சொல்லுவீர்களானால் நம் தேசத்துக் கதைக்கே வருவோம். 2003-ல் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பெண் அறிஞர்கள் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பையன்களைக் கூட்டி, காகிதத்தில் வரைந்த சிக்கலான வழிகளில் பாதை கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். ஒரு புதிரை விடுவித்தால் ஒரு ரூபாய் பரிசு. பையன்களில் பாதிப்பேர் மேல்சாதி எனப்படுகிறவர்கள். பாதிப்பேர் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். யார் என்ன சாதி என்று சொல்லாமல் புதிரைக் கொடுத்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே விடுவித்தார்கள். வேறு கூட்டங்களில் பையனின் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், சாதி இவற்றை எல்லார் முன்னிலையிலும் வாசித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தார்கள். உடனே ஒதுக்கப்பட்ட பையன்கள் விடுவித்த எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

தோழர்களே, இதைச் சற்று ஆழ்ந்து யோசித்துப் பாருங்கள். ஒரு நிமிஷத்தில் அந்தப் பையனின் மூளை சுருங்கிவிட்டதா? ரத்தம் மாறிவிட்டதா? ஒன்றுமில்லை. ஒரு வார்த்தை வாசிக்கப்பட்டது, அவ்வளவுதான். 'எவ்வளவு செய்தாலும் நமக்கு என்ன கிடைக்கப் போகிறது' என்ற பழைய பாடம் அவன் மனத்தில் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டது. இதைத்தான் பிறவிப் புத்தி என்றும் பூர்வ ஜன்ம பலன் என்றும் இத்தனை காலமாய்ச் சொல்லி வந்தார்கள். பூர்வ ஜன்மமுமில்லை, புடலங்காயுமில்லை. ஆகவே உங்கள் மனத்தில் 'நான் மட்டம்' என்ற குரல் கேட்குமானால், அது யார் சொல்லிக் கொடுத்த குரல் என்பதை முதலில் விசாரியுங்கள்.

மனம் செய்யும் தவறுகள்

இனி, அந்தக் குரல் எப்படிப் பேசுகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் ஆரன் பெக் என்ற மனநோய் வைத்தியர் இருந்தார். தீராத துக்கத்தில் இருப்பவர்கள் உள்ளுக்குள் யார்மீதோ உள்ள கோபத்தைத் தம்மீதே திருப்பிக் கொள்ளுகிறார்கள் என்று அக்காலத்தில் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். அதை ருசுப்பிக்க வேண்டுமென்றே பெக் நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். ஆராய்ந்ததில் அது ருசுவாகவில்லை. நம் ஊர்ப் பண்டிதராயிருந்தால் 'பெரியவர்கள் சொன்னது பொய்க்குமா?' என்று ஆராய்ச்சியை மூட்டை கட்டியிருப்பார். பெக் கொள்கையை மூட்டை கட்டிவிட்டு நோயாளிகள் சொல்லுவதைக் கூர்ந்து கேட்டார். அவர்கள் தம்மைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் சில தவறான முடிவுகளை மின்னல் வேகத்தில் செய்துகொண்டே இருக்கிறார்கள் என்பதையும், அந்தத் தவறுகள் ஆளுக்கு ஆள் வேறுபடாமல் ஒரே மாதிரி இருக்கின்றன என்பதையும் கண்டு 1963-ல் எழுதினார். நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் என்பவரும் இதே வழியில் 1955-ஆம் வருஷ முதற்கொண்டு ஒரு வைத்தியத்தை நடத்தி வந்தார். அதற்கு அவர் வைத்த பெயரே பகுத்தறிவு வைத்தியம் என்பது.

அந்தத் தவறுகளில் முக்கியமான சிலவற்றை நம் ஊர்ப் பேச்சில் சொல்லுகிறோம்.

முதலாவது, ஒன்றைக் கொண்டு எல்லாவற்றையும் முடிவு கட்டுவது. 'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. சோற்றுக்கு அது சரி. ஏனென்றால் எல்லா அரிசியும் ஒரே பானையில் ஒரே நெருப்பில் வெந்தவை. மனுஷன் வாழ்வு அப்படி ஒரே கொதியில் வேகிறதா? ஒரு பரீட்சையில் தவறியவன் 'என் வாழ்வே தவறிவிட்டது' என்கிறான். ஒருவன் ஏமாற்றியதைக் கண்டு 'உலகத்தில் ஒருவனும் யோக்கியனில்லை' என்கிறான்.

இரண்டாவது, பன்னாடைப் புத்தி. பன்னாடையில் கள்ளை வடித்தால் கள் கீழே போய்விடும். பூச்சியும் தூசும் மாத்திரம் பன்னாடையில் தங்கும். பத்துப் பேர் உங்கள் வேலையை மெச்சி ஒருவர் குறை சொன்னால், இரவில் படுத்துக்கொண்டு எதை நினைக்கிறீர்கள்? அந்த ஒன்பதும் ஒன்றுமாகிய மெச்சல்கள் எங்கே போயின?

மூன்றாவது, மனத்துக்குள் இருக்கும் ஜோசியன். நம் தோழர்களில் பலர் ஜோசியனை வீட்டு வாசற்படி ஏற விடமாட்டார்கள். ஆனால், 'நாளைக்கு மேடையில் பேசினால் நிச்சயம் உளறுவேன்', 'அவர் என்னைக் கண்டும் காணாமல் போனார், ஆகவே என்னை இளக்காரமாய் நினைக்கிறார்' என்று தாமே பலன் சொல்லிக்கொண்டு, அதை நம்பி நடுங்குவார்கள். வெளி ஜோசியன் சோழி உருட்டியாவது சொல்லுகிறான். இந்த உள் ஜோசியன் அதுகூட இல்லாமல் சொல்லுகிறான். மேலே சொன்ன எல்லிஸ், வாலிபத்தில் மேடையென்றால் நடுங்கியவர். ஜோசியம் மெய்யா பொய்யா பார்த்துவிடுவது என்று, 19 வயதில் வேண்டுமென்றே வலியப் போய்ப் பல கூட்டங்களில் பேசினார். கொஞ்ச நாளில் பயம் ஓடிப்போய், பேசுவதில் ருசியும் ஏற்பட்டுவிட்டது.

நான்காவது, பெயர் சூட்டுவது. ஒரு செய்கைக்கு வைக்க வேண்டிய பெயரை ஆளுக்கே வைத்துவிடுவது. 'நான் ஒரு தப்புச் செய்தேன்' என்று சொல்லவேண்டியவன் 'நான் மடையன்' என்கிறான். கணவனை இழந்த பெண்ணை ஊரார் 'ராசியில்லாதவள்' என்கிறார்கள். அவளும் அதை ஒப்புக்கொண்டு கல்யாண வீட்டில் மறைந்து நிற்கிறாள். வருணாசிரமம் செய்ததும் இதே காரியந்தான். செய்யும் தொழிலுக்கு இருந்த பெயரை ஆளுக்கு வைத்து, ஆளிடமிருந்து அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் வைத்து, கழற்ற முடியாதபடி ஆணியடித்துவிட்டார்கள். அதைக் கண்டிக்கும் நாமே நமக்கு அப்படிப் பெயர் சூட்டிக் கொள்ளலாமா?

ஐந்தாவது, உணர்ச்சியையே சாட்சியாக வைப்பது. இருட்டில் புளியமரத்தடியில் பயம் வந்தது. ஆகவே அங்கே பேய் இருக்கிறது! இந்த வாதத்தைக் கேட்டு நாம் சிரிப்போம். ஆனால் 'எனக்கு வெட்கமாயிருக்கிறது, ஆகவே நான் வெட்கப்படத் தக்கவன்', 'எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆகவே வழியே இல்லை' என்று சொல்லுவதும் அதே புளியமரத்து வாதமல்லவா? பயம் வந்தது உண்மை. அதனால் பேய் உண்மையாகிவிடாது.

சாட்சி எங்கே?

இதற்குப் பரிகாரம் என்னவென்றால், யாகமல்ல, ஹோமமல்ல, விசாரணை. புராணத்தை எடுத்து வைத்துக்கொண்டு 'இது எப்படி முடியும்? ருசு என்ன?' என்று கேட்கிறோமே, அதே கேள்விகளை நம் மனத்தின் சொல்லையும் பார்த்துக் கேட்பதுதான். ஓர் உதாரணம் சொல்லுகிறோம். பரீட்சை முடிவு வந்த மாலையில், ஒரு தையற்கடை அண்ணனிடம் ஒரு வாலிபன் வந்து உட்காருவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி: நான் எதற்கும் உதவாதவன் அண்ணே.

அண்ணன்: யார் சொன்னது?

தம்பி: யார் சொல்ல வேண்டும்? பரீட்சையில் தவறிவிட்டேனே.

அண்ணன்: எத்தனை பாடத்தில்?

தம்பி: கணக்கில் மட்டும்.

அண்ணன்: எழுதியது எத்தனை?

தம்பி: ஆறு.

அண்ணன்: அப்படியானால் ஐந்தில் தேறியவன் யாரப்பா?

தம்பி: அது எல்லாரும் தேறுவதுதானே.

அண்ணன்: தேறினால் ஊருக்குப் பொது, தவறினால் உனக்கு மட்டும் சொந்தமா? சரி, போன மழையில் கோடி வீட்டுப் பாட்டியின் கூரை சரிந்ததே, அதைக் கட்டிக் கொடுத்தது யார்?

தம்பி: நானும் இன்னும் இரண்டு பையன்களும்.

அண்ணன்: அப்போது 'எதற்கும்' என்ற வார்த்தை பொய். இன்னொன்று கேட்கிறேன். நாளைக்கு உன் தங்கை ஒரு பாடத்தில் தவறினால், 'நீ எதற்கும் உதவாதவள்' என்று அவளிடம் சொல்லுவாயா?

தம்பி: அதெப்படி அண்ணே சொல்லுவது? அவள் மனம் என்ன பாடுபடும்?

அண்ணன்: அவளிடம் சொல்லக் கூசுகிற வார்த்தையை உன்னிடமே ஏன் சொல்லிக்கொள்ளுகிறாய்?

தம்பி: இருந்தாலும் கணக்கில் தவறியது நிஜந்தானே?

அண்ணன்: நிஜந்தான். அதை யார் இல்லையென்றது? மறு பரீட்சை எப்போது? உனக்குப் பிடிபடாத பாடம் எது? அதைச் சொல்லிக் கொடுக்க யாரைப் பிடிக்கலாம்? இப்போது அதைப் பேசுவோம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அண்ணன் 'நீ மகா புத்திசாலி, நீ சிங்கம், புலி' என்று புகழவில்லை. பொய்யான இகழ்ச்சிக்குப் பொய்யான புகழ்ச்சி மருந்தாகாது. தவறியதைத் தவறியது என்று ஒப்புக்கொண்டு, அதற்குமேல் மனம் கட்டிய கதையை மாத்திரம் கழித்துவிட்டார். மிஞ்சியது ஒரு கணக்குப் பாடம். கணக்குப் பாடத்தைப் படித்துவிடலாம். 'எதற்கும் உதவாத ஜன்மம்' என்பதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தீர்ப்பது?

இப்படி விசாரிக்க அண்ணன்தான் வேண்டுமென்பதில்லை. மனம் கனக்கும்போது ஒரு காகிதத்தில், நடந்தது என்ன என்பதை ஒரு பக்கமும், அதைப் பற்றி மனம் சொன்னது என்ன என்பதை மறு பக்கமும் எழுதிப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் நம்பிக்கையானவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது அநேகமாய் அப்போதே தெரிந்துவிடும்.

துக்கமும் பயமும் பாவமா?

நிற்க, இப்படி நாம் சொல்லுவதால், துக்கமே கூடாது, கோபமே கூடாது என்று சொல்லுவதாக யாரும் நினைத்துவிடாதீர்கள். அது சாமியார் உபதேசம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழுவது எண்ணத் தவறல்ல. அன்பின் கணக்கு அது. பாம்பைக் கண்டால் வரும் பயம்தான் உயிரைக் காக்கிறது. அநியாயத்தைக் கண்டால் வரும் கோபம் இல்லாவிட்டால் இந்த இயக்கமே ஏற்பட்டிருக்காது. உணர்ச்சி என்பது வீட்டு வாசலில் குரைக்கும் நாயைப் போன்றது. குரைத்தவுடன் தடியெடுத்து நாயை அடிப்பதும் புத்தியல்ல. குரைத்தவுடன் திருடன் வந்துவிட்டான் என்று ஊரைக் கூட்டுவதும் புத்தியல்ல. விளக்கை எடுத்துக்கொண்டு போய் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே புத்தி.

ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சிறுவயதிலேயே சொல்லி வளர்த்து, அழவேண்டிய துக்கத்தையெல்லாம் அவன் சாராயக் கடையிலும் பெண்டாட்டி முதுகிலும் கொண்டுபோய்க் கொட்டும்படி செய்கிறோம். பெண்பிள்ளை கோபப்படக்கூடாது என்று சொல்லி வளர்த்து, அவள் கோபத்தையெல்லாம் தலைவலியாகவும் சாமியாட்டமாகவும் மாற்றிக்கொள்ளும்படி செய்கிறோம். இதில் யாருக்கு லாபம்? பூசாரிக்கும் சாராயக்காரனுக்குந்தான்.

இன்னும் ஒன்று. சிலருக்கு வரும் துக்கமும் பயமும் விசாரணைக்கு அடங்காத வியாதியாய் இருக்கும். வாரக்கணக்கில் தூக்கமில்லாமலும், சாப்பாடு பிடிக்காமலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடும் இருப்பவரிடம் போய் 'நன்றாய் யோசித்துப் பார்' என்று மட்டும் சொல்லுவது, கால் முறிந்தவனை 'நன்றாய் நடந்து பார்' என்று சொல்லுவதைப் போன்றது. அது வைத்தியம் செய்யவேண்டிய நோய். வைத்தியரிடம் போவதில் வெட்கமென்ன? சர்க்கரை வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவனைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா?

நோயைப் பேய் என்று சொன்னதற்கு இந்த நாடு கொடுத்த விலை கொஞ்சமல்ல. ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலத்தில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றி எரிந்தது. தெய்வ சந்நிதியில் நோய் தீரும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கட்டியது இரும்புச் சங்கிலி மாத்திரமா? 'இது நோயல்ல, வினை' என்ற எண்ணமுந்தானே கட்டியது? தர்காவானாலும் கோயிலானாலும் மாதாகோயிலானாலும் நாம் சொல்லுவது ஒன்றே.

2017-ல் ஏற்பட்ட மனநலச் சட்டம், நோயாளிகளைச் சங்கிலியிடக் கூடாது என்று சொல்லுகிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனச்சுமையில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவருக்குச் சர்க்கார் உதவ வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது. ஆகையால் வழக்கு வருமோ என்று பயந்து யாரும் ஒளித்து வைக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் காசில்லாமல், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும்படி 2022 முதல் ஏற்பாடு நடந்து வருகிறது. ஜோசியனுடைய முகவரியை மனப்பாடமாய் வைத்திருக்கும் ஊரில் இந்த எண்ணையும் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

எல்லாம் எண்ணக் கோளாறுதானா?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை உண்டு. 'கூலி கொடுக்காமல் ஏய்க்கிறான் முதலாளி. தனிக் குவளையில் தேநீர் தருகிறான் கடைக்காரன். இதற்கும் மனத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லுகிறீர்களா?' என்று கேட்கலாம். இல்லவே இல்லை. அப்படிச் சொல்லுகிறவன் நமக்கு நண்பனல்ல. முதலாளிக்கும் கடைக்காரனுக்கும் தரகன். எண்ணம் தவறாயிருந்தால் எண்ணத்தைத் திருத்து. உலகம் தவறாயிருந்தால் உலகத்தைத் திருத்து. இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் பகுத்தறிவு வேண்டும். தனிக் குவளை வைத்தவனுடைய செய்கை உண்மையான கொடுமை. அதற்குச் சட்டமும் போராட்டமும் பதில். ஆனால் 'தனிக் குவளைதான் எனக்குத் தகும்' என்று குடிக்கிறவன் மனத்தில் ஓர் எண்ணம் இருக்குமானால், அதற்கு விசாரணைதான் பதில். இந்த எண்ணம் போகாமல் அந்தப் போராட்டத்துக்கு ஆள் கிடைக்கமாட்டான். நிமிர்ந்தவன்தானே எதிர்த்து நிற்க முடியும்?

எதை வைத்து நம்மை அளப்பது?

கடைசியாக, நம் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது என்பதைப் பற்றி இரண்டொரு வார்த்தை. 'நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?' என்பதே நம் ஜனங்களுக்கு அளவுகோலாய் இருக்கிறது. அந்த நாலு பேருக்காகக் கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறான். அந்த நாலு பேருக்காகப் பெண்ணின் படிப்பை நிறுத்துகிறான். அந்த நாலு பேருக்காகச் சாதிவிட்டுச் சாதி காதலித்த சொந்தப் பிள்ளையையே கொல்லவும் துணிகிறான். அவ்வளவுக்கும் பிறகு, கடன்காரன் வாசலில் நிற்கும்போது அந்த நாலு பேரில் ஒருவராவது வந்து நிற்கிறார்களா?

ஆகவே ஒவ்வொருவரும் தனியே உட்கார்ந்து தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: யாரும் பார்க்காவிட்டாலும், யாரும் புகழாவிட்டாலும், நான் செய்யத்தக்கது என்று கருதுவது எது? ஒருவருக்கு அது பொய் பேசாமை. ஒருவருக்குத் தம் பெண்ணைப் படிக்க வைப்பது. ஒருவருக்குக் கைத்தொழிலைத் திருத்தமாய்ச் செய்வது. அதைக் கண்டுகொண்டவனுக்கு ஒரு பரீட்சை போனாலும், ஒரு வேலை போனாலும், பிடித்து நிற்க ஒரு தூண் இருக்கும்.

சுயமரியாதை என்பதை அகம்பாவம் என்று குழப்பிக்கொள்ளுகிறவர்களும் உண்டு. 'நான் உயர்ந்த சாதி' என்று மார்தட்டுகிறவனுக்கு இருப்பது சுயமரியாதையா? தன் காலடியில் ஒருவன் படுத்திருந்தால்தான் அவனால் உயரமாய் நிற்க முடிகிறது. அவன் எழுந்து போய்விட்டால் இவன் உயரம் போய்விடுகிறது. இதை உணர்ந்தே 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடிய சுயமரியாதை மாகாண மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்ளுவதை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தார்கள். பலர் விட்டும் விட்டார்கள். பெயரிலிருந்த வாலை வெட்டியதால் அவர்கள் குறைந்துபோகவில்லை. தம் சொந்தக் காலில் நிற்க முடியும் என்று காட்டினார்கள்.

ஆகவே, தோழர்களே! மேலே ஒருவனும் கீழே ஒருவனும் வேண்டாத மதிப்பே சுயமரியாதை. இன்றிரவு படுக்கைக்குப் போகும்போது உங்கள் மனம் உங்களைப் பற்றி என்ன சொல்லுகிறது என்று கவனியுங்கள். 'நீ மட்டம்' என்று சொல்லுமானால் உடனே ஒப்புக்கொண்டு விடாதீர்கள். 'யார் சொன்னது? சாட்சி எங்கே? இதை என் தங்கையிடம் சொல்லுவேனா?' என்று மூன்று கேள்வி கேளுங்கள். அண்டை வீட்டில் ஒரு பையனோ ஒரு பெண்ணோ ஒரு விவசாயியோ பேச்சுக் குறைந்து ஒதுங்கி இருக்கக் கண்டால், உபதேசம் செய்யாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'என்ன விஷயம்?' என்று கேளுங்கள். நம் தோழர்கள் ஊருக்குப் பத்துப் பேர் அப்படிப் போய் உட்கார்ந்தால், மேலே சொன்ன 19,834 என்ற கணக்கு அப்படியே இருக்குமென்று நாம் நம்பவில்லை.

 இதில் தவறு கண்டவர்கள் எழுந்து கேட்கலாம். பதில் சொல்லக் காத்திருக்கிறோம்.